நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நினைவு எந்த அளவு இருக்கிறது என்பதற்கு 3 முதல் 15 வரை. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்துக் கூட்டிப் போடுவோம். எந்த அசைவும் இல்லாமல் கிடப்பவருக்கும் 3 உண்டு, பூஜ்ஜியம் கிடையாது. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். உறுப்புகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதற்கு சோஃபா என்று இன்னோர் அளவு. நுரையீரல், இரத்தம் உறைதல், கல்லீரல், இரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்று ஆறு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. இதில் மதிப்பெண் கூடினால் ஆபத்து. வலிக்கு, மயக்கத்தின் ஆழத்துக்கு, படுக்கைப் புண் வரும் வாய்ப்புக்கு என்று தனித்தனித் தாள்கள். ஷிப்ட் முடிவதற்குள் அத்தனையையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ அப்படி ஒரு தாளும் கிடையாது. அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களை யாரும் கேட்பதில்லை. நாங்களும் குறித்து வைப்பதில்லை. செவிலியராக என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தக் கதவுக்கு உள்ளே கழிந்தது. ஆனால் இந்த வேலையைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் பாதிக்கு மேல் வெளியே நின்று தெரிந்துகொண்டவை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்: வாழ்க்கைத் துணை உள்ளே உயிருக்குப் போராடும்போது வெளியே இருப்பவர் கடவுளை நம்பியிருப்பது. அந்த நம்பிக்கை அவருக்கு என்ன செய்கிறது, அதை வைத்துச் சுற்றியிருப்பவர்கள் அவரை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது.

உறவினர்கள் கேட்கும் கேள்வியை வைத்தே யார் எவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பிள்ளைகள் "எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?" என்பார்கள். அண்ணன் தம்பிகள் "வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமா?" என்பார்கள். மனைவி கேட்பது வேறு. "இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், அப்படிப் படுக்க வைத்தீர்களா, சிஸ்டர்?" கணவன்மார்களும் அப்படித்தான், ஆனால் கூச்சத்தில் ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கிக் கேட்பார்கள். பல காலம் ஒரே அறையில் தூங்கி எழுந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் இவை. அவர்களிடம் போய் எங்கள் மதிப்பெண்களைச் சொன்னால் தலையாட்டுவார்கள். மனதுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கணக்கை அமெரிக்காவில் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்காக முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்த 179 பேரிடம், நோயாளி பிழைப்பாரா என்பதை எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். டாக்டர் சொன்னதை மட்டும் வைத்து என்று சொன்னவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று 2010-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. மற்றவர்கள் நோயாளியின் மனவுறுதி, முன்பு ஒரு நோயிலிருந்து எப்படி எழுந்தார் என்பது, முகத்தில் தெரியும் களை, தாங்கள் பக்கத்தில் இருப்பது, கடவுள் மீதுள்ள நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியிருந்தார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் இளம் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் அவர்களும் இப்படித்தான் கூட்டுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கணவருக்கு நிமோனியாவில் தொடங்கி செப்சிஸ் ஆகியிருந்தது. கிருமி செய்யும் சேதத்தைவிட, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலே நிலை தடுமாறித் தன் உறுப்புகளைத் தாக்கிக்கொள்வதுதான் செப்சிஸின் கொடுமை. 2016-இல் திருத்தி எழுதிய வரையறையும் அதைத்தான் மையமாக வைக்கிறது. இரத்த அழுத்தம் சரிந்தது. சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்த நார்அட்ரினலின் பம்பில் ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கு மணி அளக்கும் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து நின்றது, டயாலிசிஸ் தொடங்கினோம். நுரையீரல் விறைத்துப்போய், வென்டிலேட்டரில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் இரத்தத்தில் சேரவில்லை.

அப்போது அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகள் மல்லாந்து கிடக்கும்போது இதயத்தின் பாரத்திலும் வீக்கத்தின் பாரத்திலும் அமுங்கிக் கிடக்கும், கவிழ்த்தால் விரியும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாளுக்குள் நேரும் இறப்பு ஏறக்குறைய 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும் ஆய்வுகள் அபூர்வம். ஆனால் இந்த எண்களெல்லாம் தெரிந்தா ஒரு மனைவி உள்ளே வருகிறார்? முகம் தலையணையில் அழுந்தி, ஒரு கை தலைக்கு மேலும் ஒரு கை உடலோடும் வளைந்து, குழாய்கள் பக்கவாட்டில் தொங்க, தன் கணவர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கிறார். அந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டார். விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் இனி முதுகைப் பார்த்துத்தான் அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும்" என்றார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

அவரிடம் நான் கவனித்த விசித்திரம் ஒன்று. டாக்டர் தினமும் குடும்பத்தாரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லும் நேரத்தில் அவர் அங்கே இருக்கமாட்டார். கணவரின் தம்பியை அனுப்பிவிட்டு, நடைக்கூடத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். ஒரு துளி கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. கல்நெஞ்சம் என்று வார்டில் ஒருவர் சொன்னார். அப்படிப்பட்டவர் கணவரின் கால் நகத்தை வெட்ட அனுமதி கேட்பாரா?

நைட் டியூட்டியில் ஒருநாள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது நேராகவே கேட்டேன்: "ஏன் அம்மா, டாக்டர் பேசும்போது நீங்கள் வருவதில்லை?"

அவர் சொன்ன பதிலை அதற்குப் பிறகு வேறு வேறு சொற்களில், வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவருடைய சொந்தங்கள், அவரோடு சேர்ந்து வழிபடுகிறவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்: முழுமையாக நம்பு, சந்தேகம் துளிகூட வரக்கூடாது, வந்தால் பலிக்காது. "டாக்டர் ஏதாவது கெட்டதாகச் சொல்லி அது காதில் விழுந்தால் பயம் வந்துவிடும், சிஸ்டர். பயம் வந்தால் நம்பிக்கை குறைந்துவிடும். என் நம்பிக்கை குறைந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

உள்ளே ஆறு உறுப்புகளுக்கு நாங்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும்போது, வெளியே இவருடைய மனதுக்கு ஊரே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. தேர்ச்சி பெறாவிட்டால் தண்டனை கணவருக்கு. இதைவிடக் கொடிய தேர்வை நான் கேள்விப்பட்டதில்லை. ஆறுதல் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல; அதுதான் இதில் கஷ்டம். சும்மா இருக்கத் தெரியாதவர்கள், கையில் இருந்த ஒரே வார்த்தையை நீட்டினார்கள்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அம்மா, அவர் பிரஷரைப் பிடித்துவைத்திருக்கிற மருந்து உங்கள் மனதிலிருந்து ஏறவில்லை. பம்பிலிருந்து ஏறுகிறது. நீங்கள் பயந்தாலும் அது ஏறும். அழுதாலும் ஏறும். தீரப்போகிறது என்றால் நான் சிரிஞ்சு மாற்றுவேன். அது என் வேலை, உங்கள் வேலை இல்லை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை நாளும் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து அழுதார். மறுநாள் டாக்டர் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்விகள் கேட்டார், நல்ல கேள்விகள். பிரார்த்தனையை நிறுத்திவிட்டாரா என்றால் இல்லை. முன்பைவிடச் சத்தமாகவே செய்தார். அதில் கெஞ்சலோடு கோபமும் இருந்தது. கடவுளைத் திட்டலாம் என்பது அவருக்கு அன்றுதான் தோன்றியிருக்க வேண்டும்.

கெட்ட செய்தியைக் கேட்கும் உரிமையை நம்பிக்கையின் பெயரால் ஒருவரிடமிருந்து பறிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு ஒரு சான்றும் உண்டு. பிரான்ஸில் தீவிர சிகிச்சை நோயாளிகளின் குடும்பத்தாரை மூன்று மாதம் கழித்துச் சந்தித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. மூன்றில் ஒருவருக்கு, பெரும் விபத்தையோ போரையோ கண்டவர்களுக்கு வரும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. தங்களுக்குத் தகவல் முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று உணர்ந்தவர்களிடையே அது ஏறக்குறையப் பாதிப் பேர். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு குடும்பத்தாரைப் பிடித்துக்கொள்ளும் இந்தத் தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருத்துவத்தில் இப்போது தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பிரார்த்தனை பலிக்குமா என்று அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. ஓய்வறையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். 2006-இல் வெளியானது, இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தித்தார்கள், ஆனால் அது நிச்சயமாக நடக்கிறது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்குப் பிரார்த்தனை இல்லை. இரண்டிலும் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குச் சிக்கல்கள் வந்தன, வித்தியாசம் இல்லை. மூன்றாவது குழுவிடம், உங்களுக்காக நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. இது தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். பிரார்த்தனைக் குழுவையே கூப்பிடும் அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று நோயாளிகள் கலங்கியிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்களிடமும், ஆய்வே தவறு என்று கொதிக்கிறவர்களிடமும் எனக்குப் பேச ஒன்றுமில்லை. பிரார்த்தனையை மாத்திரையாக எண்ணி, இத்தனை மில்லிகிராமுக்கு இத்தனை பலன் என்று அளக்கப் போனால் இப்படித்தான் முடியும். முன்பின் தெரியாதவர் ஒரு பெயரை வாசித்துச் செய்யும் பிரார்த்தனைக்கும், குழாய்களுக்கு நடுவே இடம் தேடிக் கணவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு ஒரு மனைவி முணுமுணுப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை. அளக்கவும் முடியாது.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது 2001-இல் வந்த இன்னோர் ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்னைத் தண்டிக்கிறார் என்று மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களிடையே இறப்பு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு நோயாளிகளைப் பற்றியது, துணைவர்களைப் பற்றியது அன்று. ஆனாலும் படித்த பிறகு என் காது மாறியது. ஒருவர் கடவுளைப் பற்றிப் பேசும்போது, இவர் பக்தரா என்று கவனிப்பதை விட்டுவிட்டேன். "எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனையோ" என்ற வாக்கியம் வருகிறதா என்று கவனிக்கிறேன். வந்தால் அன்று ரவுண்ட்ஸில் டாக்டரிடமும், இருந்தால் மருத்துவ சமூகப் பணியாளரிடமும் சொல்லிவிடுகிறேன்: அந்த அம்மாவோடு யாராவது கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்.

கட்டிலுக்குக் கொண்டுவரும் பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. நெருப்பு கூடவே கூடாது. ஆக்சிஜன் சூழ்ந்த இடத்தில் ஊதுவத்திப் பொறிகூடப் பெரும் தீயாகும். எந்தப் புனித நீரும் வாய்க்குள் போகக்கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். உள்ளே வருவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். மற்றபடி திருநீறோ ஜெபமாலையோ எழுதிய வசனமோ, சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைமாட்டில் ஒட்டிவிடுவேன். தடுக்கும் மேலதிகாரிகளோடு வாதாடியும் இருக்கிறேன். படுக்கை விரிப்பு மாற்றும்போது அந்த உறையைத் தூக்கிக் குப்பையில் போட்ட பணியாளர்களை நான் விட்ட டோஸ் வார்டில் பிரசித்தம்.

எல்லோருக்கும் பிடித்துக்கொள்ளக் கடவுள் இருப்பதில்லை. மூளை இரத்தக்கசிவால் மனைவி படுத்துவிட்ட ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "மற்றவர்கள் எல்லோரும் ஏதோ செய்கிறார்கள். எனக்குக் கும்பிட்டுப் பழக்கம் இல்லை, சிஸ்டர். நான் என்ன செய்வது?" என்று கேட்டார். பேசுங்கள் ஐயா என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றன்று எந்த பில் கட்டினார், எது பாக்கி, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மனைவியின் காதருகே ஒப்பிக்க ஆரம்பித்தார். வீட்டுக் கணக்கு முழுவதும் அந்த அம்மாதான் பார்ப்பாராம். தினமும் பார்வை நேரம் முடியும்வரை கணக்குச் சொல்லிவிட்டு, "நாளைக்கு மீதியைச் சொல்கிறேன்" என்று எழுந்து போவார். அந்த அம்மா கண் திறக்காமலேயே இறந்துபோனார். அந்தக் கணக்கு ஒப்பிப்பை நம்பிக்கை என்று அழைக்கலாமா என்று கேட்டால், நாளை என்ற ஒன்று இருக்கும் என்பதுபோலப் பேசுவதற்கு வேறு என்ன பெயர் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. "அற்புதம் நடக்கும்" என்ற வார்த்தை எங்கள் வேலையில் சில நேரம் பெரும் சங்கடத்தை உண்டாக்கும். முற்றிய புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதநம்பிக்கையை அதிகம் சார்ந்திருந்தவர்களுக்குக் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் முதலான தீவிர சிகிச்சை அதிகம் நடந்திருந்தது. மூளை திரும்ப வழியில்லை, இனி நாங்கள் செய்வதெல்லாம் வலி மட்டுமே என்று தெரிந்த பிறகும், நிறுத்தச் சம்மதித்தால் கடவுளைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கும் துணைவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் பேனாவே அவர்கள் கையில் நடுங்கும். அப்போது சில டாக்டர்கள் எண்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், குரல் உயரும், இரண்டு பக்கமும் பிடிவாதமாகும்.

இதற்கு ஒரு பேச்சு முறையை அமெரிக்காவில் புற்றுநோயாளிகளோடு பணியாற்றும் சிலர் 2014-இல் எழுதினார்கள். முதலில் அவர்களுடைய நம்பிக்கையை ஒப்புக்கொள். அவர்கள் நிற்கும் இடத்துக்கு நீ போ. நாங்களும் அதைத்தான் விரும்புகிறோம் என்று சொல். பிறகு, மருத்துவராக உனக்குத் தெரிந்ததைச் சொல். கடைசியாக, என்ன நடந்தாலும் உங்களோடு இருப்போம் என்று உறுதி கொடு. படிக்கச் சுலபம். எங்கள் பிரிவில் மூத்த டாக்டர் ஒருவருக்கு இது யாரும் சொல்லித் தராமலேயே வரும். மற்ற சிலருக்கு அந்தக் கடைசி வாக்கியம் வாயிலேயே வராது. சொல்லிவிட்டால் சொன்னபடி இருக்க வேண்டுமே.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு மூதாட்டி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரிடம் சொன்னார்: "கடவுள் எழுப்ப நினைத்தால் உங்கள் மெஷின் இல்லாமலும் எழுப்புவார், தம்பி. அவருக்கு மின்சாரம் தேவையா என்ன?" அறையில் இருந்த எல்லோரும் ஒரு கணம் மூச்சுவிட்டோம். அந்த வாக்கியம் பிறகு எங்கள் பிரிவில் பரவி, ஓர் இளம் டாக்டர் அதையே வேறு ஒரு குடும்பத்திடம் வாதமாக எடுத்துப் போட்டார். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, இனி அதைச் சொல்லாதீர்கள் என்றேன். ஐம்பது ஆண்டு கூடவே வாழ்ந்தவள் தன் கடவுளிடம் சண்டைபோட்டுச் சம்பாதித்த வாக்கியம் அது. நாம் எடுத்துச் சொன்னால், கட்டிலைக் காலி செய்யக் கடவுளைத் துணைக்கு அழைப்பதாக ஆகும்.

எங்களுக்கும் மூடநம்பிக்கை உண்டு. நைட் டியூட்டியில் "இன்று வார்டு அமைதியாக இருக்கிறது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்ன அரைமணியில் இரண்டு கேஸ் வந்து நிற்கும் என்று எம்.டி. படித்த டாக்டர்களும் நம்புகிறார்கள். நான் கும்பிடுகிறவள்தான். உடை மாற்றும் அறையில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பேன். எல்லோரையும் பிழைக்க வை என்று கேட்பதைப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே விட்டுவிட்டேன். தவறான மருந்தைத் தவறான குழாயில் ஏற்றிவிடாதபடி என் கண்ணைத் திறந்து வை என்று மட்டும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, சக செவிலியரைக் கூப்பிட்டு மருந்தின் பெயரையும் அளவையும் இன்னொரு முறை சரிபார்க்கவும் சொல்கிறேன்.

இந்தத் துறை பிறந்த கதையும் எனக்கு நம்பிக்கையைப் பற்றிய கதையாகத்தான் படுகிறது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் கும்பலாக இறந்தார்கள். அவர்களுக்குத் தேவையான அளவு கருவிகள் அங்கே இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தலாம் என்று காட்டினார். யார் அழுத்துவது? சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, பகலும் இரவும் கட்டிலருகே உட்கார்ந்து அழுத்தினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மாணவர்களில் பலருக்குத் தாங்கள் அழுத்திய பிள்ளை விடியும்வரை இருக்குமா என்று தெரியாது. சிலருடைய கைக்குள்ளேயே பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஷிப்டில் இன்னொரு கட்டிலுக்குப் போய் அழுத்தினார்கள். முடிவு தெரியாமல் கையை எடுக்காமல் இருப்பது. அவர்களில் எத்தனை பேர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

நான் முதலில் சொன்ன பெண்மணியின் கணவர் பிழைத்தார். பம்பில் நார்அட்ரினலின் மெல்ல மெல்லக் குறைந்தது, சிறுநீர் திரும்பியது, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரிலிருந்து பிரித்தோம். தசையெல்லாம் கரைந்து, உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய நிலையில் சாதாரண வார்டுக்குப் போனார். வாழ்த்துச் சொல்ல உறவினர்கள் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "உன் நம்பிக்கைதான் அவரைக் காப்பாற்றியது" என்றார்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அடுத்த கட்டிலில் இருந்தவர் இறந்துபோனார். அவர் மனைவி என்னைவிட அதிகம் பிரார்த்தித்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துப் பிரார்த்தித்தாள். அவளிடம் போய் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. சொன்னவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிறகு என்னிடம் வந்து, அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் வேண்டும் என்றார். நோயாளியின் குடும்பத்து எண்ணை வெளியாருக்குத் தர எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. உங்கள் எண்ணை எழுதிக் கொடுங்கள் என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எண்ணையும் பெயரையும் எழுதி, கீழே இரண்டு வரி வேறு எழுதி மடித்துக் கொடுத்தார். இறப்புச் சான்றிதழுக்கான தாள்களை வாங்க அந்தப் பெண் வந்தபோது அதைக் கையில் கொடுத்தேன். அதற்கு விதியில் தடை எதுவும் இல்லை.